இடது பக்க சீட்டுகள்

ஒத்தக்கடையில் ஏறிய செக்கிங் இன்ஸ்பெக்டர்
டிக்கெட் இல்லாத நாலு பேரை எழுப்பி நிறுத்தினார்.
நாலு பேரும் இடது பக்கம்.
"தூங்கிக்கிட்டு வர்றியாய்யா?"
இல்லை. கேட்டுக்கொண்டேதான் வந்தேன்,
மாட்டுத்தாவணியிலிருந்து, சீட்டு சீட்டாக.
சிமெண்டு காயாத கையோடு ஒரு கொத்தனார் சொன்னார்:
"இவரு காதோரமா பத்து ரூபாய
நீட்டிக்கிட்டேதான் சார் இருந்தேன்."

அண்ணா நகர் கண்ணாஸ்பத்திரியில்
வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் பார்க்கச் சொன்னார்கள்.
புள்ளி மின்னினால் பொத்தானை அமுக்கணும்.
மின்னாதபோதும் அமுக்கினேன்.
இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்,
அந்தப் பக்கமும் ஆள் இருக்கும் என்று
எனக்குத் தெரியாதா?
மெஷின் கண்டுபிடித்துவிட்டது.
"யூகிக்காதீங்கண்ணே" என்று
மெர்லின் ஷைனி என்ற அந்தப் பிள்ளை
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.
தாளில் இடது ஓரம் முழுக்கக் கறுப்பு,
மை கொட்டிய டிரிப் ஷீட் மாதிரி.

"தலைக்குக் கரண்டு வச்சீங்களா, எப்பவாவது?"
வைத்தார்கள். மூணு வருஷமாச்சு. முப்பது நாள்.
சுடுதண்ணியில் இளக்கிய வலையை
மூஞ்சியில் அமுக்கி அச்செடுத்து
அதைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள்.
வலிக்காது. ஒண்ணுமே தெரியாது.
கடைசி நாள் அந்த மூஞ்சியை
வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.
செண்பகவல்லி அதை மொட்டைமாடியில் கவிழ்த்திருக்கிறாள்,
மிளகாய் நாற்றை அணில் கொறிக்காமல் இருக்க.
என் மூக்குக்குள் இரண்டு இலை விட்டிருக்கிறது.

"கட்டி இருந்த இடம் சுத்தம், பயப்படாதீங்க.
நரம்புதான் வெளுத்திருக்கு.
கரண்டோட வேலை. லேட்டாத்தான் காட்டும்."
எனக்கு என் பாஷையில்தான் புரிந்தது.
கட்டி எப்போதோ இறங்கிவிட்டது.
கரண்டு இன்னும் வண்டிக்குள் இருக்கிறது,
டிக்கெட் வாங்காமல்.
"திரும்பி வருமா சார், பார்வை?"
அவர் பேனாவை மூடினார்.

லைட் டூட்டி கேட்டு டெப்போவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
ஆர்டர் வரும் வரைக்கும்
சீட்டுக்குச் சீட்டு கழுத்தைத் திருப்புகிறேன்.
கழுத்து வலிக்கிறது. கண் வலிக்கவே இல்லை.

நேற்று சாயங்கால டிரிப்.
மேலூர் ரோட்டில் யானைமலை வரவே இல்லை.
முழுப் பூசணிக்காய் என்றால் சரி,
முழு யானையை யார், எந்தச் சோற்றில் மறைத்தது?
தேடவில்லை. டிக்கெட் கிழித்தேன்.
திரும்பி வரும்போது
வலது ஜன்னல் அத்தனையிலும்
படுத்திருந்தது,
வெயில் இறங்கிக்கொண்டிருந்த முதுகோடு.

சும்மா ஒரு தரம் விசில் அடித்தேன்.
துரைப்பாண்டி வண்டியை நிறுத்திவிட்டான்.
யாரும் இறங்கவில்லை.