பத்தொன்பது நொடி

நஸ்ரின் கொண்டுவந்த முதல் பேட்டி
இரண்டு நிமிடம் பத்து நொடி.
பதினாலு கேள்வி, எண் போட்டு.
"உங்கள் பணியின் சவால்கள் யாவை?"
ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர் தெய்வசிகாமணி சொன்னார்:
"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

யாவை என்று யார் பேசுகிறார்கள்
இந்த வேலூரில் என்றேன்.
வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.
அது என் தப்பு.

தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போ.
நேற்று லிஃப்டில் யார் ஏறினார்கள்,
அதை மட்டும் கேள்.

வியாழக்கிழமை நாற்பத்தேழு நிமிடம் கொண்டுவந்தாள்.
மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டோம்,
பங்குனி வெயிலில், முதுகு நனைய.

"கல்கத்தாக்காரரு. கையில கஞ்சி ஃபிளாஸ்க்கு.
எந்த மாடின்னு அவங்க பாஷையிலயே கேட்டேன்,
அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்.
ஃபிளாஸ்க்கு கனமா ஏறும், லேசா எறங்கும்,
தெனம் பாக்கறேன்.
அன்னிக்கு கனமாவே எறங்கிச்சி."

பிறகு குரல் இல்லை.
இரும்புக் கயிற்றின் முனகல்,
எங்கோ தள்ளுவண்டியின் கோணல் சக்கரம்.
பத்தொன்பது நொடி.
ஐந்தாவது நொடியிலேயே கேட்டிருப்பேன்
யாருக்கு என்ன ஆச்சு என்று,
இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற நான்.
அவள் கேட்கவில்லை.
மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்,
யாருடையது என்று தெரியவில்லை.

"கீழ வந்ததும் மூடியில ஊத்தி
எனக்குக் குடுத்தாரும்மா.
சூடு இருந்திச்சி."

மதிப்பெண் படிவத்தில் ஒரு கட்டம்:
கேள்விகளின் எண்ணிக்கை, குறைந்தது பத்து.
ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அதற்குள் காட்பாடி பஸ் போய்விட்டது.