ஈரம் காய்ந்த பின்

விதிகளைத் தட்டச்சு செய்வது நான்.
செவ்வாய், வெள்ளி, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை
தேவாலய அலுவலகம் திறந்திருக்கும்.
மற்ற நேரங்களில் கதவில் ஒட்டியிருப்பதைப் படித்துக்கொள்ளலாம்.

ஒரு குழிக்கு இருபத்தைந்து ஆண்டு.
வடகடலிடமிருந்து அணை கட்டிப் பிடுங்கிய களிமண் இது,
ஓர் உடலை முடிக்க அதற்கு அவ்வளவு காலம் வேண்டும்.
மேட்டில் இருக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள்
எங்கள் மணலுக்கு இருபதே போதும் என்று பெருமையடிப்பார்கள்.

கல் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது.
படகுக் கம்பெனி முதலாளி ஒருவர்
தூணோடு வந்து இறங்கிய பிறகு எழுதியது.
பிளாஸ்டிக் பூ கூடாது. வெள்ளைச் சரளை கூடாது.
அடக்கம் நடக்கும்போது புல்வெட்டி ஓட்டக் கூடாது.
அணைக்கரை ஆடுகள் உள்ளே நுழைந்தால்
கதவைத் திறந்துவிட்டவர் பொறுப்பு.
பச்சைக் கேன்களை வேலை முடிந்ததும்
கவிழ்த்து மாட்டவும்.

உறைபனி விட்டதும் ஏப்ரலில்
டெட்லெஃப் ஒவ்வொரு கல்லையும் தள்ளிப் பார்ப்பார்,
குடித்துப் படுத்தவனைத் தோளில் தட்டுவதுபோல.
ஆடினால் மஞ்சள் ஒட்டுத்தாள்:
உறவினர் அலுவலகத்தை அணுகவும்.
யாரும் அணுகாத கல்லில் அது வெளுத்து வெள்ளையாகும்.

ஹைல்விக்கின் கல் அப்படித்தான்.
கடைசி வரிசை, மேற்குக் கோடி, காலம் முடிந்து ஓராண்டு.
மகளுக்கு எழுதிய மூன்று கடிதங்களும்
முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பின.
விதி ஒன்பது: வாரிசு மட்டுமே புதுப்பிக்கலாம்,
புதுப்பிக்காததை அகற்றலாம்.
ஆனால் ஹைல்விக்கின் மேல் பிகோனியா பூத்துக் கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஓனோ ஹார்ம்ஸ்
தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.
அந்தப் பணத்தை நான் கட்டுகிறேன்.
படிவத்தைத் தள்ளினேன். உறவுமுறை?
கணவன், பிள்ளை, உடன்பிறப்பு, பிற.
நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
கேன் பத்து லிட்டர். என் கெஷேவுக்கு ஏழு போதும்.
மிச்சத்தைப் பக்கத்தில் ஊற்றுகிறேன், பதினோரு வருஷமாக.

கெஷேவுக்குத் தோழியா?
தோழியா! ஒரு கோழி விஷயத்தில்
முப்பது வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
பிறகு ஏன்?

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.
ஹைல்விக்கை எடுத்துவிட்டால்
கெஷே ஓரத்துக்கு வந்துவிடுவாள்.
கட்டிலிலேயே அவளுக்கு ஓரத்தில் தூக்கம் வராது.
அங்கே மேற்குக் காற்று வேறு.

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

குழு இரவு எட்டு மணிக்குக் கூடியது.
போதகர் ஆன்ட்யே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும் என்றார் டெட்லெஃப்.
அது சரிதான் என்பதால் யாரும் பேசவில்லை.
காப்பி ஆறியது.
ஒன்பதரைக்குக் குறிப்பேட்டில் நான் எழுதியது:
இயந்திரம் இறங்க முடியாதபடி நிலம் ஈரமாக உள்ளது.
ஈரம் காய்ந்த பின் அகற்றலாம்.

எங்கள் ஊரில் ஈரம் காய்வதில்லை.
மறு ஆண்டும் அதே வரி. அதற்கடுத்த ஆண்டும்.

இந்தக் கோடை காய்ந்தது.
வாய்க்காலில் வாத்துகள் நடந்து போயின.
கல்லறைகளுக்கு நடுவே கை நுழையும் அளவு வெடிப்பு.
ஆகஸ்டில் டெட்லெஃப் தானே கிளம்பினார்,
நான் குறிப்பேட்டோடு பின்னால்.
வரிசைக்கு வரிசை குதிகாலால் தட்டினார்:
ஓடு, ஓடு, ஓடு, சுட்ட ஓடு.

கடைசி வரிசையில் முழங்காலைப் பிடித்தபடி குனிந்தார்.
கெஷேயின் மண்ணில் ஒரு விரல்.
ஹைல்விக்கின் மண்ணில் ஒரு விரல்.
ஒட்டிய சேற்றைத் துடைக்காமல்
சாட்சிக்கு என்னிடம் நீட்டினார்.
ஈரம். எழுதிக்கொள்.

திரும்பும்போது கொக்கிக்குக் கீழே ஒரு கேன்
நிமிர்ந்து நின்றிருந்தது, விதிக்கு மாறாக,
அடியில் இரண்டு விரல் தண்ணீர்.
அவரும் பார்த்தார்.
கவிழ்க்கவில்லை.