கடித்த நேரம்

பதிவேட்டில் ஏழாவது கட்டம் அது.
முதல் வருடம் முழுக்க
ஒருவர்கூட அதற்குக் கடிகாரத்தைச் சொல்லவில்லை.

"வேளாங்கண்ணி பஸ்ஸு போனதுக்கப்புறம்."
"நாய் குரைச்சு ஓஞ்சப்போ."
"கரண்டு வந்த கையோட, டாக்டர்."

இரவு பதினொன்று என்று எழுதினேன்.
பிறகு அதை அடித்துவிட்டு
சொன்னபடியே எழுதினேன்:
கரண்டு வந்த கையோட.
ஆராய்ச்சி என்று பின்னால் பெயர் வைத்தார்களே,
அது அந்த அடித்தலில் தொடங்கியது.

மன்னார்குடி அரசு மருத்துவமனை, அவசரப் பிரிவு.
விக்கிக்கொண்டே எரியும் டியூப்லைட்டுக்கு அடியில்
காய்ந்த கண்ணாடிக் குழாய்,
அதில் இரண்டு மில்லி ரத்தம்.
இருபது நிமிடம் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது.
வாசலில் யாரோ பீடி பற்றவைத்து, பாதியில் அணைத்து,
மறுபடி பற்றவைப்பார்.
பிறகு சாய்த்துப் பார்ப்பேன்.
உறைந்திருந்தால் அடியில் அப்படியே நிற்கும்.
இல்லையென்றால்
மடை திறந்த மாதிரி ஓடிவரும்.
ஆறு ஓடவேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொள்ளும் ஊரில்
ஓடாதே என்று
நான் வேண்டிக்கொண்டது அதை மட்டும்தான்.

நாடிமுத்து வந்தது
குறுவைக்கு நாற்று விட்ட வாரம்.
டிவிஎஸ் ஃபிப்டியில்
இரண்டு பேருக்கு நடுவே சாய்த்து,
கெண்டைக்காலை வைக்கோல் பிரியால் இறுக்கி,
ஈறெல்லாம் ரத்தம்.
"நான் தூங்கிட்டேன்மா,
எப்ப எந்திரிச்சுப் போச்சோ" என்றாள் காத்தாயி.
டார்ச்சில் செல் தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது.
சட்டைப்பையில் மோட்டார் கொட்டகைச் சாவி,
நனைந்த ஒரு பஸ் டிக்கெட்.
ஏழாவது கட்டத்தை
நான் வெறுமையாக விட்டேன்.

ஆறு வருடம். அறுநூற்றுப் பதினான்கு வரிகள்.
வரைபடமாகப் போட்டபோது
மலையே இல்லாத ஜில்லாவில்
ஒரு மலை எழும்பியது,
பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்.
பாம்பு இரை தேடும் வேளை என்று
அடிக்குறிப்பும் எழுதிவிட்டேன்.

கை கிழிந்து தையல் போட வந்த
லைன்மேன் ஞானப்பிரகாசம்
மேஜையை எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"என்னம்மா இது,
எங்க த்ரீ பேஸ் அட்டவணை மாதிரில்ல இருக்கு?"

ஊசி கையில் நின்றுவிட்டது.

முதல் இதழ், மாதிரி சிறியது என்றது.
இரண்டாவது, பாம்பின் இனம் உறுதியாகவில்லை என்றது.
கேரி பேக்கில் தலை நசுங்கியும்
ஒருமுறை ஹார்லிக்ஸ் பாட்டிலில் உயிரோடும் வந்தவற்றை
அவர்களுக்கு எப்படி அனுப்புவது?
மூன்றாவது இதழ் போட்டது, பதினோரு பக்கம்.
அதை எடுத்துக்கொண்டு மின்வாரியத்துக்குப் போனேன்.
"மருந்து வேணும்னா கேளுங்க டாக்டரம்மா,
கரண்டு எங்க வேலை."
ஏழு முறை போனேன்.
ஏழாவது முறை டீ கொடுத்தார்கள்.

ஒரு ஃபீடர், நாலு ஊர்,
ஒரு சம்பாவுக்கு மட்டும் பகலில் விட்டார்கள்.
முந்தைய சம்பாவில் இருபத்தொரு பேர்,
அந்தச் சம்பாவில் எட்டு.
அடுத்த வருடம் லோடு தாங்கவில்லை என்று
மறுபடி ராத்திரிக்கே மாற்றினார்கள்.

விருது மேடையில் என் கட்டுரைகளை எண்ணி வாசித்தார்கள்.
இருபத்திரண்டு.
முதல் கட்டுரையின் நான்காம் பக்கத்தில்
நானே எழுதிய வாக்கியம் ஒன்று இருக்கிறது:
'கடித்த நேரம் தெரியாத நாற்பத்தொரு பேர்
கணக்கில் சேர்க்கப்படவில்லை.'
முறைப்படி அது சரி.
இன்றைக்கும் அப்படித்தான் எழுதுவேன்.
காத்தாயி கேட்டால் என்ன சொல்வேன் என்று மட்டும்
தெரியவில்லை. அவள் கேட்டதும் இல்லை.

இப்போது எனக்கு இரவுப் பணி கிடையாது.
ஆனாலும் பதினொன்றேகாலுக்கு
பாமணியாற்றுக்கு அந்தப் பக்கம்
மோட்டார்கள் ஒவ்வொன்றாக எடுக்கும்.
எண்ணிக்கொண்டு கிடப்பேன்.
ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒருவர்
வரப்பில் நடந்து போயிருக்கிறார்.

எழுந்து அவசரப் பிரிவுக்குப் போன் போட்டு
புதுப் பையனிடம் கேட்கிறேன்:
குழாய் காஞ்சிருக்கா?