பன்னிரண்டு மீற்றர்

பஞ்சிகாவத்தையில் இறங்காத சாமான் இல்லை.
ஆனாலும் கொண்டெய்னரின் அடியில்,
மூன்று வேன் எஞ்சின்களுக்குக் கீழே,
முன்னுக்கு இரண்டு சறுக்குக்கட்டை, பின்னுக்கு ரப்பர்ப் பட்டி,
சில்லே இல்லாமல் ஒரு பனிவண்டி.
"இது வள்ளமா, மோட்டர் சைக்கிளா?" என்றான் ஹிஜாஸ்.

ஐஸ்கிறீம் விளம்பரக்காரர் வாடகைக்குக் கேட்டார்கள்.
பன்னிரண்டு மீற்றர் ஓடினால் போதுமாம்.

கிளச் மூடியைக் கழற்றினேன்.
எங்கள் ஸ்கூட்டிக்குள் நடக்கிற அதே சண்டை,
கொஞ்சம் பெரிய உடம்பில்:
சுற்றச் சுற்ற எடைகள் வெளியே எறிபடும்,
தகடு நெருக்கும், பெல்ட் மேலே ஏறும்,
ஸ்பிரிங் விடமாட்டேன் என்று பிடிக்கும்.

முற்றத்துச் சீமெந்தில் தண்ணீர் அடித்து ஓட்டிப் பார்த்தோம்.
முள் ஒன்பதாயிரத்துக்குப் பாய்ந்தது.
கத்தல்தான். இழுவை இல்லை.
யாரோ, எங்கோ ஒரு மலையில்,
மெலிந்த காற்றுக்கு அளந்து
எடையைக் குறைத்து வைத்திருக்கிறார்.
இங்கே கடல் மட்டம். காற்று கொழுத்தது, உப்புப் போட்டது.
எஞ்சினுக்கு வருமானம் கூடிவிட்டது,
செலவழிக்க வழியில்லை.

செட்டியார் தெருவில் நகைக்கடைத் தராசு.
மூன்று எடை, மூன்று ஆணி,
ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிராம் கூட.
"தலைக்குக் கால் பவுன்" என்றாள் சுபாங்கினி,
கண்ணாடியில் என் கிரீஸ் விரலைத் துடைத்தபடி.
ஒன்று மட்டும் இம்மி கூடியது.
வாசலில் குந்தி, அரத்தால் இரண்டு இழுவை.

பட்டியின் நடுவில் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டுத்
தொய்வை அளந்தேன். ஒன்றரை அங்குலம்.
இறுக்கினால் சக்தியைத் தின்னும்,
தளர்ந்தால் பல்லைத் தாண்டும்.
"பன்னிரண்டு மீற்றருக்கு இவ்வளவா?"
ஹிஜாஸுக்கு நான் பதில் சொல்லவில்லை.
என்னிடமும் இருக்கவில்லை.

பனிக்கு, பேலியகொடை மீன் சந்தை ஐஸ்.
மரிசலீன் லொறியில் கொண்டுவந்து
மண்வெட்டியால் உடைத்துப் பரப்பினான்.
ஓட்டத் தெரிந்தவன் நான் மட்டும் என்பதால்
கம்பளிக் குல்லாவும் எனக்கே,
சித்திரை வெயிலில்.

கட்டைவிரலை அழுத்தினேன்.
முள் ஏழாயிரத்து எண்ணூறுக்கு ஏறி
நின்றது.
கையில் பிடித்து வைத்த மாதிரி, ஆடாமல்,
ஒரு செக்கன், ஒன்றரை.
பிறகு மதில். பிரேக்.

எல்லோரும் ஐஸ்கிறீமைச் சுற்றி நின்றார்கள்,
அது உருகுகிறதாம்.
பட்டியின் பல்லிடுக்கில் ஒரு சாளைச் செதிள் மினுங்கியது.
குல்லாவோடேயே குனிந்து
மூடியைத் திறந்து பெல்ட்டைத் தொட்டேன்.
கை வைக்கிற சூடு.
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.