நோக்காம்

ஆறாவது கூட்டம்.
ஆரியங்காவு தாண்டி மலையிறங்குகிற வரை
மடியில் வைத்துக் கொண்டுபோன ஃபைலுக்கு
மேஜையில் இடமில்லை.
நேந்திரங்காய் வறுவல், பெயர்ப் பலகைகள், வெந்நீர் ஜாடி.
எனக்குப் பக்கத்து அறையிலிருந்து
ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்,
அன்பாகத்தான்.

இடிந்த தடுப்பணையின் படத்தைக் காட்டினேன்.
ஐம்பதடிச் சுவர், சார்.
சிமெண்டு எங்களுடையது, கொத்தனாரும் எங்களாள்.
காடு மட்டுமே உங்களுடையது.

"நோக்காம்" என்றார் என்ஜினீயர்.

நாங்கள் செய்யுளில் மட்டும் வைத்திருக்கிற சொல்
அங்கே ஆபீசுக்கு வந்துபோகிறது.

மேட்டில் இருப்பவர் பொய் சொல்ல வேண்டியதில்லை.
கோபம்கூட வேண்டாம்.
வாட்சை ஒருமுறை பார்த்தால் போதும்.
எனக்கு ஐப்பசி இருக்கிறது, பிசானம் இருக்கிறது,
நாற்றங்காலில் இருபது நாள் பயிர் இருக்கிறது.
அவருக்கு அடுத்த கூட்டம் இருக்கிறது.
"தயவுசெய்து" என்று நாலு தடவை சொல்லியிருக்கிறேன்;
குறிப்பில் ஒன்றுகூட ஏறவில்லை.

திரும்புகையில் புளியரை இறக்கத்தில் மழை.
செக்போஸ்டில் லாரிகள் வரிசையாய் நிற்க
ரோட்டோரத் தண்ணீர்
யாரையும் கேட்காமல் எங்கள் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் பேச்சித்தாய் நின்றாள்.
கடைமடையில் நாற்பது சென்ட், குத்தகை.
கையில் மஞ்சப்பை; பையில்
ஆறு வருஷத்துச் சங்க ரசீது,
ஒன்று விடாமல்.

"ரெண்டு ராத்திரி ஷட்டரத் தூக்கி விட்டாப் போதும், அண்ணாச்சி.
காவலுக்கு நானே நிக்கேன்.
நாத்து பழுத்துட்டு வருது."

"பாப்போம் தாயி."

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.
சட்டையைக்கூடக் கழற்றவில்லை நான்.
அவள் கோபப்படவில்லை.
எப்படிப் படாமலிருப்பது என்று
எனக்கு நன்றாகத் தெரியும்.
உட்காரச் சொன்னேனா?
நினைவில்லை.

ராத்திரி பதினொன்றுக்கு
ஷட்டர்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாய்க்கால்கரைக்குப் போனேன்.
தலைமடையிலிருந்து மூன்றாவது வயல் என்னுடையது.
டார்ச் அடித்தேன்.
தண்ணீர் கணுக்காலளவு நின்றது,
தவளைகள் சத்தம் காதை அடைத்தது.

போதும்தான்.

இன்னும் ஒரு விரற்கடை ஏறட்டும் என்று
நின்றுகொண்டிருந்தேன்.