பதினான்காம் எண் திருப்புளி

நவம்பர் கடைசி வியாழன்.
ஆண்டோயா தீவுக்குச் சூரியன்
இனி ஜனவரியில்தான்.
மதியம் மூன்று மணி இருட்டில்
ஒவ்வொருவராக வந்து பூட்ஸ் பனியை உதறுகிறோம்.
போன வருடம் ஒன்பது பேர்.
இன்று ஆறு,
ராங்ஹில்டையும் சேர்த்தால்.
புருஷன் நாற்காலியில் அவள் உட்கார்ந்துகொள்கிறாள்.
அவன் கதைகளையும் அவளே சொல்கிறாள்,
அவனைவிட நன்றாக.
இறக்கையில் உறைந்த பனி
அவன் சொன்ன காலத்தில் இரண்டு விரற்கடை;
அவள் வாயில் இப்போது ஒரு சாண்.

ஒட்வாரின் காதுகள் ஒரு காலத்தில் அரசாங்கச் சொத்து.
கடலில் போட்ட மிதவைகள் வழியே கேட்டு
ரஷ்ய நீர்மூழ்கியின் விசிறிக்கு எத்தனை இதழ் என்று
எண்ணிச் சொல்லிவிடுவான்.
ஒரேயொரு முறை
திமிங்கிலத்தை நான்கு மணி நேரம் துரத்த வைத்தான்.
அதை நாங்கள் சொல்லிச் சிரிக்கும்போது
காதுக் கருவியைத் திருகிக்கொண்டு
"என்ன? என்ன?" என்கிறான்
தன் கதைக்கே.

மூன்றாவது கோப்பையில் டோர்லெய்ஃப் ஆரம்பிப்பான்.
எப்போதும் மூன்றாவது கோப்பை,
எப்போதும் இதே கதை.
"பேரன்ட்ஸ் கடல். பன்னிரண்டு பேர்.
பதினொரு மணி நேரப் பறப்பு.
காப்பி டின் இருக்கிறது,
மூடியை நெம்ப ஒரு துரும்பு இல்லை.
நான் விடுவேனா?
ஏணிக்குப் பக்கத்தில் திறந்து கிடந்த பெட்டியிலிருந்து
ஒரு திருப்புளியைக் கிளப்பிக்கொண்டுதானே ஏறினேன்!
எந்த மடையன் பெட்டியோ,
அவனுக்கு இன்றுவரை தெரியாது."

மேஜை குலுங்கச் சிரிக்கிறார்கள்.
முப்பத்தொரு வருடமாக நானும் சிரிக்கிறேன்.

மடையனுக்குத் தெரியும்.

நான் பறந்தவன் இல்லை, எண்ணுகிறவன்.
என் பெட்டியில் இருபத்திரண்டு பள்ளங்கள்,
அந்தந்தக் கருவியின் உருவத்திலேயே வெட்டியவை.
அன்று பதினான்காவது
வெறும் வாயைத் திறந்து கிடந்ததை
ஓரியன் ஓடுபாதையை விட்டு எழும்பிய பிறகுதான் பார்த்தேன்.
ரேடியோவில் ஒரு வார்த்தை போதும், திரும்பியிருப்பார்கள்.
வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்.
'எல்லாம் சரி' என்று ஏட்டில் எழுதினேன்.

பிறகு அந்தத் திருப்புளி
என் தலைக்குள் உருள ஆரம்பித்தது:
சுக்கானை இழுக்கும் வடங்களுக்கு நடுவில்,
எஞ்சின் மூடிக்கு அடியில்,
விமானம் சாயும்போதெல்லாம்
கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்.
கொட்டகைக்குப் பின்னால் வாந்தியெடுத்து
அதன்மேல் பனியைத் தள்ளி மூடினேன்.
பன்னிரண்டு வீடுகளில்
எனக்கு வழி தெரிந்தது ஏழு.
ஏழு கதவுகளையும் மனசுக்குள் தட்டிப் பார்த்தேன்,
என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று.
ராங்ஹில்ட் வீட்டுக் கதவு பச்சை.

மறுநாள் காலை
பதினான்காவது பள்ளத்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது.
நுனியில் கருப்பாக ஏதோ தூள்.
முகர்ந்தேன்.
அன்றிலிருந்து நான் தேநீர்தான்.

இன்று என்னவோ, வாய் திறந்துவிட்டது.
"டோர்லெய்ஃப், அந்தப் பெட்டி..."
எல்லோரும் திரும்பினார்கள்.
வாஃபிளுக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்த ராங்ஹில்டின் கத்தி நின்றது.
அந்தப் பறப்பிலும் அவள் புருஷன் போயிருந்தான்.
இந்தக் கதையில் இறக்கையும் இல்லை, பனியும் இல்லை;
சும்மா காப்பி குடித்த ஒரு நாள்,
அவளுக்கு அப்படித்தான் கிடைத்திருக்கிறது.

"...காப்பி எப்படி இருந்தது?" என்றேன்.

டோர்லெய்ஃபை இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை போல.
கோப்பைக்குள் பார்த்தான்.
"தெரியாது" என்றான்.
"பதினொரு பேருக்கு ஊற்றினேன்.
எனக்கு மண்டிதான் மிச்சம்."

யாரோ விளக்கைப் பெரிதாக்கினார்கள்.
நான் ஒட்வாரின் பக்கம் சாய்ந்து
கருவி மாட்டாத காதில் சொன்னேன்,
அந்த மடையன் நான்தான் என்று,
ஏட்டில் எழுதியதையும் சேர்த்து.

கவனமாகக் கேட்டான்,
கண்ணை மூடிக்கொண்டு,
அந்தக் காலத்தில் கடலைக் கேட்ட மாதிரி.
"திமிங்கிலமா?" என்றான்.

"ஆமாம்" என்றேன்.
"திமிங்கிலம்தான்."