தென்பக்கம்

மூடுபனி விலகட்டும் என்று
வந்தவர்களெல்லாம் காத்திருக்கும் ஊரில்
அது வரட்டும் என்று நான் நிற்கிறேன்,
குன்னூர் யார்டின் கடைசித் தண்டவாளத்தருகே,
கழுத்தில் கேமரா, கையில் அடிக்கோல்.

வெயில் பொய் சொல்லும்.
ஆணித்தலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வாலை ஒட்டிவைத்து
எது இரும்பு, எது நிழல் என்று
வீட்டில் விளக்கடியில் திணற வைக்கும்.
பனி அப்படியில்லை.
வெள்ளைத்துணி கட்டிய ஸ்டூடியோ மாதிரி
எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம்.

எட்டே காலுக்குப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது.
ஆரம்பித்தேன்.

மூடிய சரக்குப் பெட்டி. மீட்டர் கேஜ்.
காலி எடை எழுதியிருந்த இடத்தில்
ஓர் ஆறும் ஒரு சுழியும் மிச்சம்.
கதவுக்கு நேரெதிரே நின்று ஒன்று.
கோலைச் சாத்திவைத்து இன்னொன்று:
கறுப்பு வெள்ளை, கறுப்பு வெள்ளை.
சாய்த்து எடுத்தால் படம் அழகாயிருக்கும்;
அளக்க உதவாது.
வில்பட்டையில் ஏழு தகடு.
அச்சுப்பெட்டி மூடியிடுக்கில்
யாரோ தீப்பெட்டி செருகியிருந்தார்கள்.
அதையும் எடுத்தேன்.

துருவின் நிறத்துக்குத் தொழில் கைகொடுத்தது.
பெட்ஃபோர்டில் பல்செட் கட்டும் லேப் என்னுடையது.
பையில் எப்போதும் நிறச்சட்டம்: பதினாறு போலிப்பல்,
பால்வெள்ளை முதல் பீடிக்காரர் வரை.
ஒவ்வொன்றாய்த் தகட்டில் வைத்துப் பார்த்தேன்.
கீழ்விளிம்பு ஏ-ஃபோர்.
கொக்கியடி எதிலும் சேரவில்லை.
டம்ளரடியில் தங்கிய டீ மண்டி என்று குறித்துக்கொண்டேன்.

அப்புறம் ஆணி எண்ணினேன், வாய்விட்டு,
மேல் வரிசை, இடக்கோடியிலிருந்து.
அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று.
முடிந்தது.

"நாலு" என்றது பெட்டி.

நான் மூச்சுவிடவில்லை.

"மூலைல ஒண்ணு பெயிண்டுக்குள்ள முழுகிக் கெடக்கு மேடம்.
வெளிய தெரியாது. உள்ள படுத்தா தெரியும்."

கதவு ஒன்றரைச் சாண் நகர்ந்தது.
ஆரஞ்சுச் சட்டை, மின்னும் பட்டை.
ஜோகிராஜ், டிராக்மேன்.
ராத்திரி முழுக்க ரன்னிமேடு வரை
மண் சரிந்திருக்கிறதா என்று லைட் அடித்துப் பார்த்துவிட்டு வந்து
உரச்சாக்கு விரித்துப் படுத்தவர்.
முப்பது வரைக்கும் பொறுத்தாராம்.
தப்பாய் முடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஏலத்துக்கா, ஆடிட்டா என்றெல்லாம் கேட்கவில்லை.
"எவ்ளோ சின்னதா செய்வீங்க?"
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே காட்டினேன்.
"அப்ப நான்?"
பத்தொன்பது மில்லிமீட்டர்.
"ஷூவோடயா?" என்றார்.

தென்பக்கம் தடுப்புச்சுவரை ஒட்டிக்கிடந்தது.
கை நுழையும், முகம் நுழையாது.
வாய்க்கண்ணாடியைக் குச்சியில் கட்டி நீட்டினேன்:
பாசி, பாசி, என் மோதிரம்.
விடு, பார்த்த பக்கத்தைத் திருப்பிப் போட்டால்
பார்க்காத பக்கம்.
வலது கோரைப்பல்லைக் கொண்டு இடதைச் செய்கிறவள்தானே.

"அப்படியில்லீங்க, அந்தப் பக்கம் வேற."
டேப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.
இருட்டில் தட்டித் தட்டி அளவு வந்தது.
தென்கதவு பற்றவைத்து மூடியது, திறக்காது.
ஒட்டுத்தகடு மூன்று. ஒன்று,
சைக்கிள் செயின் கவர் போலிருக்கிறது, தொட்டால்.
காற்றுப்பட்டை நாலில் இரண்டாவது வளைந்திருக்கிறது.
"அது வழியா பெரணி ஒண்ணு உள்ள வந்திருக்கு,
அதையும் போடணுமா?"
போடுங்கள் என்றேன்.
"ரெண்டு முழம். நுனி சுருட்டி."

ஒன்பதே முக்காலுக்கு வெயில் வந்து கெடுத்தது.
வடபக்கம் எழுபத்தோரு படம்.
தென்பக்கம் ஒன்றுமில்லை; நாற்பத்திரண்டு வரி,
பெரும்பாலும் ஜோகிராஜ் கைச்சாண் கணக்கில்.
கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினார்.
"நாளைக்கு எண்ணறதா இருந்தா மனசுக்குள்ள எண்ணுங்க மேடம்."

இரவு லேபில்
பல்லுக்கு உருக்கும் அதே மெழுகில்
ஊசிநுனியால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன்.
மூலையில் அறுபத்துநாலாவதை வைத்தேன்.
அது தெரியாமல் போகும்வரை
பெயிண்ட் அடித்தேன்.